கம்ப்யூட்டருக்கு நாடி பார்ப்பது எப்படி?

அட்மின் பாஸ்வேர்டு இல்லாதவரும் வேகத்தைக் கண்டுபிடிக்கலாம்

புத்தம் புதிய லேப்டாப் ஒன்றை ஒருவர் ஐஸ் பெட்டிக்குள் வைத்து மூடினார்!

பைத்தியக்காரத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் பெயர் டேவ் லீ. கனடா நாட்டுக்காரர். புதிதாக வரும் கம்ப்யூட்டர்களைச் சோதித்துப் பார்த்து, யூடியூபில் நல்லது கெட்டது சொல்பவர்.

2018-ம் ஆண்டு ஜூலை மாதம். ஆப்பிள் கம்பெனி ‘மேக்புக் புரோ’ என்ற லேப்டாப்பில் புதிய ரகம் ஒன்றை வெளியிட்டது. அதற்குள்ளே இருந்தது ‘கோர் ஐ9’ என்ற பிராசசர். பிராசசர் என்றால் கம்ப்யூட்டரின் மூளை. பழைய லேப்டாப்பை இது தூக்கிச் சாப்பிட்டுவிடும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள்.

டேவ் லீ அதனிடம் ஒரு வீடியோவைத் தயாரிக்கும் வேலையைக் கொடுத்தார். 39 நிமிடத்துக்கு மேல் பிடித்தது. அதே வேலையை முந்தின ஆண்டு லேப்டாப்பிடம் கொடுத்தார். 35 நிமிடத்தில் முடித்துவிட்டது!

விலை அதிகம். மூளையும் பெரிது. ஆனால் வேலையில் மந்தம். ஏன்?

அவர் பிராசசரின் வேகத்தைக் கவனித்தார். குறைந்தது 2.9 கிகா ஹெர்ட்ஸ் வேகத்தில் ஓட வேண்டிய பிராசசர், சராசரியாக 2.2 கிகா ஹெர்ட்ஸில் நொண்டிக்கொண்டிருந்தது. சூடு தாங்காமல் தன்னைத் தானே அடக்கிக்கொண்டிருக்கிறதோ என்று சந்தேகம் வந்தது. தூக்கி ஐஸ் பெட்டிக்குள் வைத்தார். அதே வேலை 27 நிமிடத்தில் முடிந்தது!

இந்த வீடியோ உலகமெங்கும் பரவியது. ஆப்பிள் என்ஜினீயர்கள் அவரோடு தொடர்புகொண்டு, அதே சோதனையைச் செய்து பார்த்தார்கள். சூட்டைச் சமாளிக்கும் மென்பொருளில் குறை இருப்பது தெரிந்தது. ஜூலை 24-ந் தேதி வருத்தம் தெரிவித்து, குறையைத் திருத்தும் மென்பொருளை வெளியிட்டார்கள்.

வேகத்தைப் பார்க்கத் தெரிந்த ஒருவர் இருந்தார். அதனால், அந்த லேப்டாப்பை வாங்கிய அத்தனை பேருக்கும் நியாயம் கிடைத்தது.

துடிப்பு என்றால் என்ன?

கிகா ஹெர்ட்ஸ் என்ற பேரைக் கேட்டு மிரள வேண்டாம். கம்ப்யூட்டருக்குள் ஒரு துடிப்பு இருக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் பிராசசர் ஓர் அடி எடுத்து வைக்கும். ஒரு வினாடிக்கு ஒரு துடிப்பு என்றால் ஒரு ஹெர்ட்ஸ். ஹெர்ட்ஸ் என்பது ஜெர்மன் விஞ்ஞானி ஒருவரின் பெயர். ஒரு கிகா ஹெர்ட்ஸ் என்றால் வினாடிக்கு 100 கோடி துடிப்பு. 2.9 கிகா ஹெர்ட்ஸ் என்றால் 290 கோடி!

1981-ம் ஆண்டு ஐ.பி.எம். கம்பெனி வெளியிட்ட கம்ப்யூட்டர் வினாடிக்கு 47 லட்சத்து 70 ஆயிரம் தடவை துடித்தது. காலையிலும் அதே துடிப்பு, மாலையிலும் அதே துடிப்பு. இன்றைய கம்ப்யூட்டர் அப்படி அல்ல. வேலை இல்லாதபோது மெதுவாகத் துடிக்கும். வேலை வந்தால் வேகம் எடுக்கும். சூடு ஏறினால் குறைத்துக்கொள்ளும். பேட்டரியில் ஓடும்போதும் அடக்கி வாசிக்கும். படம் காட்டும் வேலையைச் செய்கிற கிராபிக்ஸ் சிப்பும் இப்படித்தான்.

ஒரு வேடிக்கை சொல்லட்டுமா? அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் பெட்டிகள் சிலவற்றின் முகப்பில், வேகத்தைக் காட்டும் சிவப்பு எண்கள் மின்னும். பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். ஆனால் அந்த எண்கள் எதையும் அளக்கவில்லை! பெட்டியைப் பூட்டியவர் எந்த எண்ணை அமைத்து வைத்தாரோ, அதுதான் எரியும். இன்றும் லேப்டாப்பின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும், செட்டிங்ஸில் பிராசசர் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணையும் பார்த்து ‘இதுதான் வேகம்’ என்று நினைப்பவர்கள் உண்டு. அது பெயர்ப் பலகை. இந்த நிமிடத்து வேகம் அல்ல.

சாவி யாரிடம்?

“ரொம்ப மெதுவா ஓடுதுப்பா. இதை வெச்சுக்கிட்டு வேலை பார்க்க முடியலை” என்கிறாள் மகள். ஆபீசில் கொடுத்த லேப்டாப். வீட்டிலிருந்து வேலை பார்க்கிறாள்.

“வேகம் எவ்வளவுன்னு பாரேன்” என்கிறார் அப்பா.

“அதுக்கு அட்மின் பாஸ்வேர்டு கேட்குதுப்பா!”

பல வீடுகளில் இதுதான் கதை. ஆபீஸ் லேப்டாப், கல்லூரி லேப்டாப், பள்ளிக்கூடத்து கம்ப்யூட்டர் எல்லாவற்றிலும் ‘அட்மின்’ என்ற நிர்வாகி ஒருவர் இருப்பார். புதிய மென்பொருளை ஏற்றும் உரிமை அவருக்கே. வேகத்தைக் காட்டுவதற்கென்றே ‘சி.பி.யு. இசட்’, ‘எச்.டபிள்யூ. இன்போ’ போன்ற நல்ல மென்பொருள்கள் இருக்கின்றன. ஆனால் அவற்றைத் திறந்தாலே நிர்வாகியின் அனுமதி கேட்கும்.

வெறுமனே பார்ப்பதற்கு எதற்கு அனுமதி? நியாயமான கேள்விதான்.

பிராசசருக்குள் இரண்டு கணக்குப்பிள்ளைகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் எப்போதும் ஒரே சீராக எண்ணுவார். மற்றவர் பிராசசரின் உண்மையான துடிப்பை எண்ணுவார். முதல்வர் 100 எண்ணுகிற நேரத்தில் இரண்டாமவர் 76 எண்ணினால், பிராசசர் நூற்றுக்கு 76 பங்கு வேகத்தில் ஓடுகிறது என்று பொருள். 2.9-ல் 76 பங்கு என்றால் 2.2. டேவ் லீ கண்டது இதைத்தான்.

இந்தக் கணக்குகள் பிராசசரின் உள் அறையில் இருக்கின்றன. பாங்கியில் கஜானா அறை இருக்கிறதல்லவா, அதைப்போல. அந்த அறைக்குள் விண்டோஸ், லினக்ஸ் போன்ற ஆட்சி மென்பொருளின் மையப் பகுதி மட்டும்தான் நுழையலாம். வெளியார் மென்பொருள் நுழைய வேண்டுமானால், ‘டிரைவர்’ என்ற துணை மென்பொருளை உள்ளே அனுப்ப வேண்டும். அதற்குத்தான் நிர்வாகியின் சாவி.

கண்ட டிரைவரையும் உள்ளே விட்டால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் உண்டு. ‘வின் ரிங் ஜீரோ’ என்ற டிரைவரைப் பல இலவச மென்பொருள்கள் பயன்படுத்தி வந்தன. வேகத்தையும் சூட்டையும் படிக்க அது உதவியது. திருடனும் அதே வழியாக நுழையலாம் என்ற ஓட்டை 2020-ம் ஆண்டிலேயே பதிவாகியது. 2025-ம் ஆண்டில் மைக்ரோசாப்டின் காவல் மென்பொருளான ‘டிபெண்டர்’ அதை ஆபத்தானது என்று குறித்துத் தடுக்கத் தொடங்கியது.

ஆகவே, ‘பாஸ்வேர்டு இல்லாமலே எல்லாம் காட்டுவோம்’ என்று சொல்லும் ஊர் பேர் தெரியாத மென்பொருளை ஆபீஸ் லேப்டாப்பில் இறக்காதீர்கள். வேலைக்கே உலை வைத்துவிடும்.

கவுண்டரில் கேட்கலாம்

கஜானா அறைக்குள் நாம் போக முடியாது. ஆனால் ‘என் கணக்கில் எவ்வளவு இருக்கிறது?’ என்று கவுண்டரில் கேட்கலாம் அல்லவா? விண்டோஸில் அப்படி ஒரு கவுண்டர் இருக்கிறது. அதன் பெயர் டாஸ்க் மேனேஜர். பொதுவாக அதற்குப் பாஸ்வேர்டு தேவை இல்லை.

கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்ற மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்துங்கள். ஒரு பெட்டி திறக்கும். அதில் ‘பெர்பாமன்ஸ்’ என்ற பகுதி மேலேயோ, இடது ஓரத்திலோ இருக்கும். அதைத் தட்டி, ‘சி.பி.யு.’ என்பதைத் தொடுங்கள். கோடு ஏறி இறங்கும். கோட்டுக்குக் கீழே ‘ஸ்பீடு’ என்று இங்கிலீஷில் இருக்கும். பக்கத்தில் உள்ள எண்தான் இந்த நிமிடத்து வேகம்.

சற்றுத் தள்ளி ‘பேஸ் ஸ்பீடு’ என்று இன்னோர் எண் இருக்கும். அது அடிப்படை வேகம். பிராசசரைத் தயாரித்தவர் குறித்துக்கொடுத்த அளவு. அது மாறாது.

இரண்டையும் ஒப்பிட வேண்டும். எப்போது என்பதுதான் முக்கியம். சும்மா இருக்கும்போது வேகம் குறைவாக இருந்தால் பயப்படாதீர்கள். தூங்குகிறவரின் நாடி மெதுவாகத்தானே துடிக்கும்? நன்றாக வேலை கொடுத்துவிட்டுப் பாருங்கள். வீடியோ கூட்டம் நடக்கட்டும். பெரிய கணக்கு ஷீட்டைத் திறவுங்கள். பத்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்.

உதாரணமாக, இன்டெல் கம்பெனியின் ‘ஐ5-10210யு’ என்ற பிராசசர் பல லேப்டாப்புகளில் இருக்கிறது. அதன் அடிப்படை வேகம் 1.6. அவசரத்துக்கு 4.2 வரை பாயும். வேலை தொடங்கியதும் 3-க்கு மேல் போய், பிறகு 2-க்குப் பக்கத்தில் இறங்கி நின்றால் கவலை வேண்டாம். கடுமையான வேலையின்போது 1.6-க்கும் கீழே போய் அங்கேயே கிடந்தால், ஏதோ கோளாறு என்று அர்த்தம்.

இன்னொரு விஷயம். அதே இடத்தில் நூற்றுக்கு இத்தனை என்று ஓர் எண் இருக்கும். 100 என்று காட்டினால் கம்ப்யூட்டர் முழு வேகத்தில் பாய்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அல்ல! அது உழைப்பின் அளவு. பாரம் ஏற்றிய வண்டியை மேட்டில் இழுக்கும் மாடுகளைப் பாருங்கள். முழு மூச்சோடு இழுக்கின்றன. ஆனால் வண்டி ஊர்ந்துதான் போகிறது. 100 என்று ஓர் எண், பக்கத்திலேயே வேகம் மிகக் குறைவு என்று இன்னோர் எண். இந்த இரண்டும் சேர்ந்து வந்தால்தான் விசாரிக்க வேண்டும்.

சார்ஜர் செய்த கோலம்

சில லேப்டாப்புகளில் வேகம் 0.39 என்றோ, 0.79 என்றோ அசையாமல் நிற்கும். எவ்வளவு வேலை கொடுத்தாலும் ஏறாது. ஒரு எழுத்தைத் தட்டினால் மெதுவாக வந்து விழும். ‘கம்ப்யூட்டர் செத்துவிட்டது, புதிது வாங்க வேண்டியதுதான்’ என்று வீட்டில் முடிவு செய்துவிடுவார்கள்.

பொறுங்கள்! முதலில் சார்ஜரைப் பாருங்கள்.

சில கம்பெனிகளின் லேப்டாப், மாட்டியிருப்பது தனக்கு உரிய சார்ஜர்தானா என்று சோதிக்கும். கடையில் மலிவாக வாங்கிய வேறு சார்ஜராக இருந்தாலோ, சார்ஜரின் முனையில் உள்ள மெல்லிய ஊசி ஒடிந்திருந்தாலோ அடையாளம் தெரியாது. ‘போதிய மின்சாரம் கிடைக்குமோ கிடைக்காதோ’ என்று வேகத்தை அடியோடு குறைத்துக்கொள்ளும். சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். பேட்டரியில் ஓடும்போது வேகம் ஏறினால் குற்றவாளி அகப்பட்டான்! பேட்டரியே கெட்டிருந்தாலும் சில லேப்டாப்புகள் இப்படிச் செய்வதுண்டு.

அடுத்த குற்றவாளி சூடு. லேப்டாப்பை மெத்தையின் மேல் வைத்து வேலை செய்கிறவர்கள் அதிகம். அடியில் உள்ள காற்றுத் துவாரம் அடைபட்டுப் போகும். விசிறியில் தூசி அடைந்தாலும் அதே கதிதான். மெத்தையிலிருந்து மேஜைக்கு மாற்றிவிட்டு, வேகம் ஏறுகிறதா என்று பாருங்கள். இதற்கு எந்த பாஸ்வேர்டும் வேண்டாம்.

கிராபிக்ஸ் வேகம்

டாஸ்க் மேனேஜரில் ‘ஜி.பி.யு.’ என்று ஒரு பகுதி உண்டு. அதுதான் கிராபிக்ஸ். அங்கே உழைப்பின் அளவு தெரியும். தனி கார்டாக இருந்தால் சூடும் தெரியும். ஆனால் துடிப்பின் வேகத்தைக் காணோம்! இது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது. பிராசசருக்குக் காட்டுகிறவர்கள் இதற்கும் காட்டியிருக்கலாம்.

என்விடியா கம்பெனியின் கார்டு இருந்தால் வழி உண்டு. கார்டின் டிரைவரோடு சேர்ந்தே ஒரு சிறு கருவி வந்து உட்கார்ந்திருக்கும். ‘கமாண்ட் பிராம்ப்ட்’ என்ற கறுப்புப் பெட்டியைத் திறந்து, என்விடியா என்ற பெயரை இங்கிலீஷில் தட்டி, இடம் விடாமல் ஒரு சிறு கோடு போட்டு, எஸ், எம், ஐ என்ற மூன்று எழுத்துகளைச் சேருங்கள். பிறகு இடம் விட்டு, கோடு போட்டு க்யூ. மறுபடி இடம் விட்டு, கோடு போட்டு டி. கடைசியில் இடம் விட்டு, கிளாக் என்ற சொல். என்டர் தட்டினால் கிராபிக்ஸ் துடிப்பும், அதன் நினைவகத்தின் துடிப்பும் மெகா ஹெர்ட்ஸ் கணக்கில் வரிசையாக வரும். 1,000 மெகா ஹெர்ட்ஸ் சேர்ந்தால் ஒரு கிகா ஹெர்ட்ஸ்.

வேகத்தைப் பார்க்க விடும் இந்தக் கருவி, மாற்ற விடாது. மாற்றப் போனால் நிர்வாகி உரிமை கேட்கும். இது சரியான ஏற்பாடு என்றே சொல்ல வேண்டும்.

ஏ.எம்.டி. கார்டு என்றால், அந்தக் கம்பெனியின் ‘அட்ரினலின்’ என்ற மென்பொருளில் வேகம் தெரியும். அதை நிர்வாகி முன்பே ஏற்றி வைத்திருக்க வேண்டும்.

லினக்ஸ் கம்ப்யூட்டரில் எல்லாமே பைல்தான். பிராசசரின் வேகம் ஒரு சிறிய பைலில் எழுதப்பட்டிருக்கும். யாரும் திறந்து படிக்கலாம். சில கம்ப்யூட்டர்களில் அதே அறையில், பக்கத்திலேயே, வேகத்தைச் சொல்லும் இன்னொரு பைலும் இருக்கும். அது நிர்வாகிக்கு மட்டும்! இரண்டு அலமாரி, ஒன்றுக்கு மட்டும் பூட்டு. நமக்குத் திறந்திருப்பதே போதும்.

பூட்டு எதற்கு?

ஒரு கம்ப்யூட்டரின் துடிப்பைப் பார்த்தே அதன் ரகசியத்தைத் திருட முடியும் என்றால் நம்புவீர்களா? விஞ்ஞானிகள் செய்து காட்டியிருக்கிறார்கள்.

2020-ம் ஆண்டு நவம்பரில், ஆஸ்திரியா நாட்டின் கிராஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களும், அவர்களோடு சேர்ந்தவர்களும் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். பிராசசர் எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்று காட்டும் மீட்டர் லினக்ஸில் எல்லோருக்கும் திறந்து கிடந்தது. அந்த மீட்டரைக் கூர்ந்து கவனித்தே ரகசிய எண்களைக் கண்டுபிடித்துவிட்டார்கள்! அந்த முறைக்கு ‘பிளாட்டிபஸ்’ என்று பெயர் வைத்தார்கள். பிளாட்டிபஸ் என்பது ஆஸ்திரேலியாவில் உள்ள ஒரு பிராணி. இரையின் உடம்பில் ஓடும் மின்சாரத்தை அலகாலேயே உணர்ந்து பிடிக்கும். பொருத்தமான பெயர்தான்! அதற்குப் பிறகு லினக்ஸில் அந்த மீட்டருக்குப் பூட்டுப் போட்டார்கள்.

2022-ம் ஆண்டு ஜூனில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பிராசசர் கையாளும் எண்களைப் பொறுத்து அதன் துடிப்பு மிகச் சிறிதளவு மாறுகிறது. துடிப்பு மாறினால் வேலை முடியும் நேரமும் மாறும். அந்த நேரத்தை வேறு கம்ப்யூட்டரிலிருந்து அளந்தே ஒரு ரகசியச் சாவியைக் கண்டுபிடித்தார்கள். இதற்கு ‘ஹெர்ட்ஸ்பிளீட்’ என்று பெயர்.

ஆகவே நிர்வாகி பூட்டுப் போடுவதைக் கொடுமை என்று சொல்வதற்கில்லை. ஆனால் டாஸ்க் மேனேஜரையும் சேர்த்து மூடிவிடுகிற ஆபீஸ்களும் இருக்கின்றன. அது அளவுக்கு மீறியது என்பது என் எண்ணம்.

கடிகாரம் போதும்!

சரி, எல்லாக் கவுண்டரும் மூடியிருந்தால்? அப்போதும் வழி உண்டு. ஐபோன் வைத்திருந்த ஒருவர் அதைக் காட்டினார்.

போனில் நமக்கு நிர்வாகி உரிமை கிடையாது. காசு கொடுத்து வாங்கியவர் நாம். சாவி கம்பெனியிடம். 2017-ம் ஆண்டு டிசம்பரில், ஐபோன் 6எஸ் வைத்திருந்த அவர், போன் மந்தமாகிவிட்டதைக் கண்டார். ‘கீக்பெஞ்ச்’ என்ற சோதனை மென்பொருளை ஓட்டினார். குறிப்பிட்ட வேலைகளைக் கொடுத்து, எவ்வளவு சீக்கிரம் முடிகிறது என்று பார்த்து மார்க் போடும் மென்பொருள் அது. 1,466 மார்க் வந்தது. பழைய பேட்டரியைக் கழற்றிப் புதிது போட்டார். மறுபடி சோதித்தார். 2,526 மார்க்!

பேட்டரியை மாற்றினால் மூளை சுறுசுறுப்பாகுமா? ரெடிட் என்ற இணைய அரங்கில் இதை எழுதினார். கீக்பெஞ்சைத் தயாரித்த ஜான் பூல், தம்மிடம் சேர்ந்திருந்த ஏராளமான ஐபோன்களின் மார்க்கை எடுத்து வரைபடம் போட்டு, டிசம்பர் 18-ந் தேதி வெளியிட்டார். ஒரே ரக போன்கள் பல வேகங்களில் ஓடுவது பளிச்சென்று தெரிந்தது.

இரண்டே நாளில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. பேட்டரி பழசானால் போன் திடீரென்று அணைந்துவிடுகிறது, அதைத் தடுக்க வேகத்தைக் குறைத்தோம் என்று விளக்கம் சொன்னது. காரணம் நியாயமாகவே இருக்கலாம். ஆனால் வாங்கியவரிடம் சொல்லவில்லையே! பேட்டரி மாற்றினால் சரியாகும் என்று தெரியாமல் புதிய போன் வாங்கியவர்கள் எத்தனை பேரோ!

எதிர்ப்பு பலமாகவே, கம்பெனி மன்னிப்புக் கேட்டது. பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. 2018 மார்ச்சில் பேட்டரியின் நிலையைப் பார்க்கும் வசதியைப் போனிலேயே வைத்தது. அமெரிக்காவில் தொடரப்பட்ட வழக்கில், 50 கோடி டாலர் வரை கொடுப்பதாக 2020-ம் ஆண்டு சமரசம் ஏற்பட்டது. 2024 ஜனவரியில் அங்குள்ள பலருக்குச் சுமார் 92 டாலர் வீதம் பணம் வந்து சேர்ந்தது.

உள்ளே எந்த மீட்டரையும் திறக்காமல், ஒரே வேலையை இரண்டு தடவை கொடுத்து ஒப்பிட்டதால் வெளிவந்த விஷயம் இது.

நீங்களும் செய்யலாம். போட்டோக்கள் நிறைந்த ஒரு போல்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் சுருக்கி ‘ஜிப்’ பைலாக்கச் சொல்லுங்கள். எத்தனை வினாடி ஆகிறது என்று கைக்கடிகாரத்தில் பாருங்கள். மூன்று தடவை செய்யுங்கள். முதல் தடவைக் கணக்கை விட்டுவிடுங்கள். போட்டோக்களை டிஸ்கிலிருந்து படிப்பதிலேயே அப்போது நேரம் போகும். மற்ற இரண்டையும் எழுதி வையுங்கள். சார்ஜரோடு ஒரு தடவை, பேட்டரியில் ஒரு தடவை. காலையில் ஒரு தடவை, மத்தியானச் சூட்டில் ஒரு தடவை.

‘மெதுவாக இருக்கிறது’ என்று மட்டும் ஆபீசில் புகார் செய்தால், அணைத்துவிட்டு மறுபடி போடச் சொல்வார்கள். ‘செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு, சார்ஜர் மாட்டியிருந்தபோது, உழைப்பு 100, வேகம் 0.79, அடிப்படை வேகம் 1.60. சார்ஜரைக் கழற்றினால் 2.8’ என்று எழுதிக் கொடுத்துப் பாருங்கள். நிர்வாகி பாஸ்வேர்டைத் தர மாட்டார். புதிய சார்ஜர் தருவார்.